இரண்டாவது அடியில் உடைந்த குரல்

போன மாதம் நம் கடற்கரைச் சாலையில் நடந்த அஞ்சலிப் பாட்டு நிகழ்ச்சிக்கு உங்களில் பாதிப் பேராவது வந்திருப்பீர்கள். காலையில் சர்க்கரை மாத்திரை, மாலையில் கடற்கரை நடை என்று ஐம்பதைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும் நம் வயசுக்காரர்களுக்கு வேறு போக்கிடம் ஏது? எதற்கான அஞ்சலி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நாலு நாள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து நாடே அழுததே, அதற்குத்தான். மேடையில் பெரிய திரை கட்டி மெழுகுவர்த்திப் படம் ஓட விட்டிருந்தார்கள். கிட்டார், கீபோர்டு, ஒரு புல்லாங்குழல். கடைசியில் பத்து வயதுகூட நிரம்பாத ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்து பாட விட்டார்கள்.

நன்றாகத்தான் பாடினாள். நடுவில் ஓர் இடத்தில் தொண்டை அடைத்துப் பாட்டு நின்றது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அவ்வளவுதான், மொத்தக் கடற்கரையும் செல்போன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டது. என் பக்கத்தில் நின்ற அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வீடியோ எடுத்தார். "இந்த வயசுல நாட்டு மேல இன்னா பாசம் பாருங்க" என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் குழந்தை யாருக்காக அழுகிறாள் என்று அவளிடம் ஒருத்தராவது கேட்டிருப்பார்களா?

என்னிடம் யாரும் கேட்கவில்லை. அந்தக் கதையை அதுவரை நானும் யாரிடமும் சொன்னதில்லை. கடற்கரையிலிருந்து சாரம் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதே நினைவாக இருந்தது.

தில்லியில் பிரதமர் அம்மாவைச் சுட்டுக் கொன்றார்களே, அந்த ஐப்பசி மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. வைத்திக்குப்பத்தை ஒட்டிய தெருவில் எங்கள் ஓட்டு வீடு. அம்மா பஞ்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தாள். அப்பா பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர். வெள்ளைக் கோட்டு, தோளில் மஞ்சள் ஜரிகை, தலையில் தொப்பி. கோட்டுக்குக் கீழே பெரும்பாலும் ரப்பர் செருப்புதான்.

பேண்டு செட்டுக்குக் கல்யாணமும் வரும், கோயில் திருவிழாவும் வரும். ஆனால் அப்பாவின் செட்டுக்குச் சாவுதான் அதிகம். பிணம் எடுக்கிற வீட்டு வாசலில் வெயிலில் நிற்பார்கள். டீ வந்தால் தெருவோரத்தில் நின்று குடிப்பார்கள். யாரும் பெயர் கேட்க மாட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வழி கேட்டாலும் "சாவு பேண்டுக்காரர் வூடா?" என்றுதான் தெருவில் கேட்பார்கள். அப்பாவுக்கு அது உள்ளூர வலிக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

அவருக்கென்று ஒரு கணக்கு இருந்தது. "நம்ம தொழில்ல கைதட்டல் கெடையாது, கண்ணு. பொணத்துக்கு முன்னால வாசிச்சா எவன் கை தட்டுவான்? எந்த எடத்துல பொம்பளைங்க அழ ஆரம்பிக்கறாங்கன்னு பாக்கணும். அதான் நமக்குக் கைதட்டல்" என்பார். எந்த வளைவில் வாசித்தால் எந்த வீட்டில் அழுகை வெடிக்கும் என்று அவருக்கு அத்துபடி. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு ஒரு மாதிரி, கிழவர் செத்த வீட்டுக்கு ஒரு மாதிரி. அதற்காக மணிக்கணக்காகப் பழகுவார். அழுகை என்பது அவருக்கு வாசிப்பின் பலன். நன்றாக வாசித்தால் வரும், சுமாராக வாசித்தால் வராது. இந்த ஒன்றை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால் போதும், பிறகு நடந்ததெல்லாம் புரிந்துவிடும்.

என்னை வளர்த்தது அக்கா. என்னைவிட எட்டு வயது பெரியவள். அம்மா ஷிப்டுக்குப் போனால் எனக்குச் சோறு போடுவது, தலை வாருவது, சாயந்திரம் விளக்கேற்றுவது, பக்கத்தில் படுத்துக்கொண்டு முதுகைத் தட்டிக் கொடுப்பது எல்லாம் அவள்தான். ரெட்டைச் சடை போடும்போது ரிப்பனின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்வாள். அதனால் என் ரிப்பன் எல்லாவற்றிலும் ஒரு முனை நைந்து போயிருக்கும்.

அந்த ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பிரெஞ்சு நேஷனாலிட்டி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா வேலை. ராணுவத்தில் இருப்பவர்களை, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நம் ஊரில் அப்படித்தானே சொல்வோம். சாவு பேண்டுக்காரர் பெண்ணுக்குச் சொல்தா மாப்பிள்ளை என்று தெருவே மூக்கில் விரலை வைத்தது. மாமா கல்யாணம் முடிந்த கையோடு திரும்பிப் போய்விட்டார். அக்காவுக்குக் காகிதங்கள் வர இரண்டு மாதம் ஆனது. சென்னையில் இருந்து விமானம். அவள் கிளம்பும் நாள்தான் பிரதமர் இறந்த நாளாகவும் அமைந்தது.

அன்று காலையில் நான் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம் பிடித்தேன். அக்கா கெஞ்சினாள்.

"ராத்திரிதான் பாப்பா ஏரோப்ளேன். சாயந்தரம் ஆறு மணிக்குத்தான் காரு வருது. நீ வந்ததும் ரெட்டச் சட போட்டு வுட்டுட்டுத்தான் கெளம்புவேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

பகலிலேயே பள்ளியில் மணி அடித்துவிட்டார்கள். கடைகளெல்லாம் தடதடவென்று ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்தன. எனக்கு உள்ளுக்குள் குஷி. சீக்கிரம் விட்டுவிட்டார்கள், அக்காவோடு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்று ஓட்டமும் நடையுமாக வந்தேன். ஒரு நாட்டின் துக்க நாளில் தெருவில் சிரித்துக்கொண்டே ஓடி வந்த ஒரே பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

வீட்டில் அம்மா மட்டும் இருந்தாள். நியூஸ் கேட்டதும் ரோட்டை மறித்துவிடுவார்கள், பஸ் கார் எதுவும் ஓடாது என்று டிரைவர் அவசரப்படுத்தியிருக்கிறார். அப்பா அக்காவை ஏற்றிக்கொண்டு பன்னிரண்டு மணிக்கே கிளம்பிவிட்டார். ஜன்னல் மாடத்தில் அக்காவின் சீப்பும் அதன் மேல் என் இரண்டு ரிப்பன்களும் இருந்தன. மடித்துத் தயாராக வைத்திருந்தாள்.

"உன்ன இட்டுக்குனு வரட்டான்னு உங்க அப்பா கேட்டாரு. டிரைவரு நேரமில்லன்னுட்டான்" என்றாள் அம்மா. நான் அழவில்லை. ரிப்பனை எடுத்துப் பாவாடைக்குள் சொருகிக்கொண்டேன். இனிமேல் யாரும் எனக்குத் தலை வாரக் கூடாது என்று முடிவு செய்தேன். அம்மா சீப்பை எடுத்து வந்தால் கையைத் தட்டிவிட்டேன். நல்ல அறையும் வாங்கினேன். தலையை மட்டும் கொடுக்கவில்லை.

அந்த வாரம் ரேடியோவில் பாட்டே கிடையாது. நினைவிருக்கிறதா? வீணை, சாரங்கி, மறுபடி வீணை. டீக்கடையிலும் அதே, சைக்கிள் கடையிலும் அதே. கூடவே மழை. பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் ஒரு வீட்டில் தெருவுக்கே ஒரு டிவி இருந்தது. கறுப்பு வெள்ளையில் சிதை எரிவதைக் குழந்தைகளெல்லாம் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். ஈரத் தலைகளின் வாடையும் அந்த வீட்டுக் காப்பி வாசனையும் இன்னும் மூக்கில் இருக்கிறது.

தெருமுனையில் அலங்கரித்த நாற்காலியில் பிரதமர் படத்தை வைத்து மாலை போட்டிருந்தார்கள். ஒரு வாரம் கழித்து அங்கே இரங்கல் கூட்டம். கட்சியின் வட்டத் தலைவர் ஏற்பாடு. எங்கள் பள்ளித் தமிழ் வாத்தியார் ஒரு பாட்டு எழுதினார், அப்பா மெட்டுப் போட்டார். வாத்தியாரின் மகள் பாடுவதாக இருந்தது. அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. வீட்டில் அப்பா வாசித்துக் கேட்டுக் கேட்டு அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம். "எம் பொண்ணு பாடுவா" என்று அப்பா சொல்லிவிட்டார்.

பாட்டின் முதல் அடி "தாயே எங்கள் தாயே, தனியே எங்கே போனாய்". இரண்டாவது அடி "விளக்கேற்றி வைத்துவிட்டு வீடிருள ஏன் போனாய்". வாத்தியார் நாட்டைத்தான் வீடு என்று எழுதியிருப்பார். எனக்கு வீடு என்றால் எங்கள் வீடுதான். விளக்கேற்றி வைத்தவள் யார் என்று எனக்குத் தெரியும்.

மேசை மேல் ஏற்றி நிறுத்தினார்கள். முதல் அடி வந்தது. இரண்டாவது அடியில் "விளக்கேற்றி" என்ற இடத்தில் தொண்டை இரண்டாக உடைந்து, ஒரு விக்கல் வந்து, குரல் கீழே போய், எப்படியோ மறுபடி மேலே ஏறி வந்து "வீடிருள" என்று முடித்தேன். அக்கா போன நாளிலிருந்து வராத அழுகை அந்த இடத்தில் வந்துவிட்டது. என் தலை வேறு விரித்துப் போட்டபடி இருந்தது. நம் ஊரில் தலைவிரி கோலம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியுமே. துக்கம் தாங்காமல் தலை முடியாமல் நிற்கும் குழந்தை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்ற பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். வட்டத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வீடு திரும்பும்போது அப்பா என் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார். அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை.

"ரெண்டாவது அடில ஒரு சங்கதி போட்டியே, யாரு சொல்லிக் குடுத்தா?"

சங்கதி என்றால் பாட்டின் ஒரு அடியையே வேறு மாதிரி வளைத்துப் பாடுவது. எனக்கு விளங்கவில்லை. "தானா வந்துச்சுப்பா" என்றேன்.

"தானாவா?" அப்பா நின்றுவிட்டார். "முப்பது வருஷமா ஊதறேன். எனக்கு வரல அது."

அவர் கேலி செய்யவில்லை, நடிக்கவும் இல்லை. நிஜமாகவே அதை வித்தை என்று நம்பினார். ஊரை அழவைக்க உடம்பெல்லாம் வியர்க்க வாசிக்கிறவருக்கு, மகள் ஒரு வரியில் அதைச் செய்தால் வேறெப்படித் தோன்றும்? அன்றைக்கு எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. அவரைக் குற்றம் சொல்ல இன்றும் எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு எங்களைக் கூப்பிடாத இரங்கல் கூட்டம் இல்லை. உழவர்கரைப் பக்கம் ஐந்தாறு இடம், சாரத்தில் இரண்டு, மில் வாசலில் ஒன்று. மழை விட்ட சாயந்திரங்களில் ரிக்‌ஷா வரும். கல்யாணங்களெல்லாம் மேளதாளம் இல்லாமல் நடந்துகொண்டிருந்த காலம் அது, மற்ற பேண்டு செட்டுகள் சும்மா கிடந்தன. எங்களுக்கு மட்டும் ஓய்வில்லை. எல்லாவற்றுக்கும் மேல், அப்பாவுக்கு நாற்காலி போட்டார்கள். பெயர் கேட்டார்கள். "அண்ணே, நீங்க மேல வந்து ஒக்காருங்க" என்று மேடைக்கு அழைத்தார்கள். அப்பா கோட்டுக்குக் கீழே போட ஷூ வாங்கினார்.

பாட்டில் அந்த இடம் வந்ததும் நான் உடைந்து மறுபடி ஏறி வரும்வரை கிளாரினெட்டில் ஒரே ஸ்வரத்தை அப்படியே இழுத்துப் பிடித்து நிற்பார். வீட்டில் அதற்கென்று மூச்சை அடக்கிப் பழகினார். என் அழுகைக்கு அளவெடுத்து அவர் ஒரு வாசிப்புத் தைத்துவிட்டார்.

எல்லா நாளும் அழுகை வந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உழவர்கரையில் ஒரு நாள் கூட்டத்துக்கு முன் சூடாக போண்டா வாங்கிக் கொடுத்தார்கள். வயிறு நிறைந்து, மனசும் குளிர்ந்து, பாட்டு வழுவழுவென்று ஓடிவிட்டது. ஒரு கண்கூடக் கலங்கவில்லை. எங்கள் செட்டின் பேண்டு மாஸ்டருக்குத் தாங்கவில்லை.

"வெங்காயம் நறுக்கிக் கைக்குட்டையில வெச்சிக் குடுத்துடலாம்ணே. எதுக்கு ரிஸ்க்கு?"

அப்பா அவர்மேல் பாய்ந்தார். "எம் பொண்ண இன்னான்னு நெனச்சே? அவ வித்தக்காரி. இன்னிக்கு சங்கதி வுழல, அவ்ளோதான். நாளைக்கி வுழும்."

மறுநாள் விழுந்தது. மேடை ஏறுமுன் பாவாடைக்குள் கைவிட்டு அக்கா கடித்த ரிப்பன் முனையைத் தொட்டுக்கொண்டேன், விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படித்தான். அப்பாவுக்காக வரவழைத்தேனா, அக்காவுக்காக வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். ரிப்பனைத் தொட்டால் வந்த அழுகை நிஜ அழுகைதான். வீட்டுக்கு வந்து படுத்தால் முதுகைத் தட்ட ஆளிருக்காது, அப்போதும் வரும். அதைப் பார்க்கத்தான் ஆளில்லை.

கடற்கரைச் சாலையில் முப்பதாம் நாள் கூட்டம் என்று அறிவித்தார்கள். காந்தி சிலைக்கு எதிரே மேடை. போலீஸ் பேண்டு வரும், பெரிய பெரிய தலைவர்கள் வருவார்கள், ரேடியோக்காரர்கள் பதிவு செய்வார்கள். அதில் அப்பாவும் நானும். ஆனால் புயல் வந்து கூட்டம் ஒரு வாரம் தள்ளிப்போனது. வைத்திக்குப்பத்துப் படகுகளைத் தெரு வரைக்கும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அப்பா தினமும் கதவைத் திறந்து வானத்தைப் பார்ப்பார். எனக்கு வெந்நீர், மிளகுப் பால். ஐஸ், புளிப்பு எதுவும் கூடாது.

ஒருவழியாகக் கூட்டம் நடந்தது. அலைச் சத்தம் மைக்கையும் மீறிக் கேட்டது. தார்ப்பாயிலிருந்து சொட்டிய நீர் என் கழுத்தில் விழுந்தது. அப்பாவின் பெயரை, அவருடைய அப்பா பெயரோடு சேர்த்து, முழுசாக மைக்கில் சொன்னார்கள். "கிளாரினெட் கலைஞர்" என்றார்கள். அவர் எழுந்து கும்பிட்டார். நான் பாடினேன், உடைந்தேன், அப்பா இழுத்துப் பிடித்தார், ஏறி வந்தேன். சிலையைச் சுற்றி நின்ற கூட்டம் மொத்தமும் விம்மியது. போலீஸ் பேண்டின் மாஸ்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அப்பாவின் வாழ்க்கையில் அதுபோல இன்னொரு சாயந்திரம் வரவில்லை.

மறுநாள் காலையில் அம்மா ஒரு சின்ன மடிப்புக் காகிதத்தை என் கையில் கொடுத்தாள். நாலாபக்கமும் சோற்றுப் பசை வைத்து ஒட்டியிருந்தது. மேலே "பாப்பாவுக்கு மட்டும்" என்று அக்காவின் கையெழுத்து.

"எப்ப வந்துச்சும்மா?"

"ஆவுது, மூணு வாரம் ஆவப் போவுது. எங்களுக்கு எழுதுன லெட்டருக்குள்ளயே வெச்சிருந்தா."

"ஏம்மா குடுக்கல?"

"உங்க அப்பாதான் வேணாம்னாரு. அக்கா லெட்டரப் பாத்தா புள்ள அழுவும், அழுதா தொண்ட கட்டிக்கும், பீச்சு கூட்டம் முடியட்டும்னு கிளாரினெட் பொட்டில வெச்சிட்டாரு. ஒன்னுதுன்னு நாங்க பிரிக்கக்கூட இல்ல."

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் அழக் கூடாது என்பதற்காக அப்பா அந்தக் கடிதத்தை மறைத்து வைத்தார். நாலைந்து வாரமாக ஊர் ஊராகப் போய் அவர் பக்கத்திலேயே நின்று அழுதுகொண்டிருந்த என்னை, அழாமல் பார்த்துக்கொள்ள.

கடிதத்தில் பெட்டியின் சிவப்பு வெல்வெட் வாடையும் வாயில் வைத்து ஊதும் ரீடின் எச்சில் வாடையும் இருந்தது. அக்கா எழுதியிருந்தாள். மாமாவைத் தூரத்துத் தீவு ஒன்றுக்கு மாற்றுகிறார்கள், மூன்று வருஷம். டிசம்பர் நடுவில் கிளம்ப வேண்டும். கூட வருகிறாயா, இல்லை அவ்வளவு நாளும் ஊரில் போய் இருக்கிறாயா என்று மாமா கேட்கிறாராம். அம்மா அப்பாவிடம் கேட்டால் புருஷனோடு போ என்றுதான் சொல்வார்கள், அதனால் உன்னைக் கேட்கிறேன் என்றிருந்தாள். பிறகு இந்த வரிகள், எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது:

"பாப்பா, சடை போடாமல் போனதற்கு என் மேல் கோபமா? நீ அழுகிறாய் என்றால் நான் வந்துவிடுகிறேன். உன் கையால் ஒரே ஒரு வரி எழுதிப் போடு. இந்த மாதக் கடைசிக்குள் போட்டால்தான் வந்து சேரும். வரவில்லை என்றால் நீ பழகிவிட்டாய் என்று எடுத்துக்கொள்வேன்."

அந்த மாதம் முடிந்து ஏழு நாள் ஆகியிருந்தது.

நோட்டில் ஒரு பக்கம் கிழித்து "அக்கா நான் அழறேன் வா" என்று மட்டும் எழுதி, வாத்தியாரிடம் கொடுத்துப் பிரெஞ்சில் விலாசம் எழுத வைத்துப் போட்டேன். பிப்ரவரியில் அது திரும்பி வந்தது. உறையின் மேல் ஊதா மையில் ஒரு கை விரல் நீட்டும் முத்திரை. விலாசத்தில் ஆள் இல்லை. அதற்கு முன்பே தீவிலிருந்து அக்காவின் கடிதம் வந்துவிட்டது. உண்டாகியிருக்கிறாளாம். "நீ சமர்த்தாகிவிட்டாய், எனக்கு நிம்மதி" என்று எனக்கு ஒரு வரி.

அப்போதாவது எழுதியிருக்கலாமே என்பீர்கள். எழுதியிருக்கலாம். ஆனால் எழுதினால் அப்பா செய்ததை எழுத வேண்டும். இரங்கல் கூட்டங்கள் நின்றுவிட்டன. நாற்காலியும் போய்விட்டது. அப்பா பழையபடி சாவு வீட்டு வாசலில், வாங்கிய ஷூவைப் போட்டுக்கொண்டு நின்றார். அந்த மனுஷனிடம் மிச்சம் இருந்தது அந்தக் கடற்கரைச் சாயந்திரம் ஒன்றுதான். அதையும் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. அக்காவின் மேல் கொஞ்சம் வீம்பும் இருந்தது, மறைக்க மாட்டேன்.

மூன்று வருஷம் என்றது ஏழு வருஷமாகி அக்கா வந்தாள். இரண்டு பிள்ளைகள், வெட்டிய முடி, பேச்சுக்கு நடுவில் பிரெஞ்சு. எனக்குப் பதினெட்டு. முதல் நாள் சாயந்திரமே அப்பா கிளாரினெட்டை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார்.

"பெரியவளுக்குப் பாடிக் காட்டு கண்ணு, அந்தப் பாட்ட. ரெண்டாவது அடில ஒண்ணு போடுவா பாரு, ஊரே சாஞ்சிச்சு."

பாடினேன். அந்த இடம் வந்தது. அப்பா ஸ்வரத்தை இழுத்துப் பிடித்தார். காத்திருந்தார். நான் நேராக "வீடிருள" என்று போய்விட்டேன். அக்கா எதிரில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டிருந்தாள். எனக்கு எப்படி வரும் அது?

அப்பா வாயிலிருந்து கிளாரினெட்டை எடுத்தார். "வுழலயே கண்ணு."

"பழக்கம் வுட்டுப்போச்சுப்பா" என்றேன்.

அக்கா சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அப்பா அப்பவே எழுதியிருந்தாரு. பாப்பா மேட மேடயா பாடறா, தெருவுல அவளுக்குத்தான் பேரு, சந்தோஷமா இருக்கான்னு. அந்த லெட்டரு வந்ததும்தான் சரின்னு கெளம்பனேன். நீதான் ஒரு வரி போடல" என்றாள். குரலில் சின்ன மனத்தாங்கல். அப்பா ரீடைக் கழற்றித் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைப் பார்த்தேன்.

"பாட்டு மும்முரத்துல மறந்துட்டேன்க்கா" என்றேன்.

அக்காவின் முகம் அதற்குப் பிறகு என்னிடம் பழையபடி ஆகவில்லை. பாசம் உண்டு, பார்சல் உண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் போன் உண்டு. ஆனால் என்னிடம் எதையும் கேட்பதில்லை. ஒரு தடவை கேட்டுப் பதில் வராதவள் மறுபடி ஏன் கேட்பாள்? அதற்காக நான் அப்பாவை உள்ளுக்குள் பல வருஷம் திட்டியிருக்கிறேன். அவர் சாகிறவரை, வருகிறவர்களிடமெல்லாம் என் சங்கதியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை எடுத்த அன்று பேண்டு செட்டு முழுக்க வந்து வாசித்தது. நான் தலையை இறுக்கி முடிந்துகொண்டு நின்றேன். ஒரு சொட்டு வரவில்லை.

போன மாதம் கடற்கரையில் அந்தக் குழந்தை பாடிய அன்று, வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்காவுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை, அவள் பயந்துவிட்டாள்.

"அக்கா, நீ சொல்தா மாமாகூட தீவுக்குப் போறதுக்கு முன்னால ஒரு லெட்டர் போட்டியே. அது என் கைக்கு டிசம்பர்லதான் வந்துச்சு."

எல்லாவற்றையும் சொன்னேன். கிளாரினெட் பெட்டி, தொண்டை கட்டிக்கொள்ளும் என்ற பயம், ரிப்பன், திரும்பி வந்த என் ஒரு வரி. அவளுக்கும் அறுபது தாண்டிவிட்டது.

"கெளம்பற அன்னிக்குக் காலையில கூட காரை நிக்க வெச்சிட்டுப் போயி எங்க வூட்டு வாசல் தபால் பெட்டியத் தொறந்து பாத்தேன் பாப்பா" என்றாள். பிறகு, "அவ்ளோ நாளும் அழுதுக்கினா இருந்தே?"

"ஆமாக்கா."

"யாருமே பாக்கலயா?"

"எல்லாரும் பாத்தாங்கக்கா" என்றேன்.